சாதாரணப் பெற்றோர்

மைக்செட்காரரிடம் கல்வி வாரியம் இரண்டு கூட்டங்களுக்கு ஒரே நாளில் முன்பணம் கொடுத்தது. முதல் கூட்டம், தனியார் பள்ளிகளில் படிக்க அரசே சீட்டு கொடுக்கும் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கேட்கும் திறந்த விவாதம். இரண்டாவது, அந்தத் திட்டத்தை மக்கள் ஒருமனதாக வரவேற்றதற்கு நன்றி சொல்லும் விழா. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டிருந்தார்கள். மக்கள் நிதானமாக யோசித்து முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்று வாரியத்தின் செயலாளர் விளக்கினார்.

மைக்செட்காரருக்கு இதில் ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை. முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள் என்பது அவருடைய அனுபவம். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்த அவர் மனைவிதான், மக்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் நன்றி விழாவுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்குமா என்று கேட்டாள். நியாயமான சந்தேகமாகப் பட்டதால் அவர் அதைச் செயலாளரிடமே போய்க் கேட்டார்.

செயலாளர் மென்மையான மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மைக்செட்காரரின் தோளில் கை வைத்து, "அந்தச் சங்கடம் உங்களுக்கு வராம நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

திட்டம் எளிமையானது. இதுவரை அரசுப் பள்ளிகளுக்குச் செலவான பணத்தைப் பிள்ளைக்கு இவ்வளவு என்று பிரித்து, ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்துவிடுவார்கள். சீட்டை எந்தத் தனியார் பள்ளியில் வேண்டுமானாலும் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதியை வீட்டிலிருந்து போட வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு நன்கொடை தரும் செல்வந்தர்களுக்கு அந்தத் தொகை முழுவதும் வரியில் தள்ளுபடி. ஜனங்கள் இதைக் கூப்பன் என்றார்கள். வாரியத்துக்கு அந்தச் சொல் பிடிக்காது. உரிமைச் சீட்டு என்று திருத்துவார்கள்.

மைக்செட்காரருக்கு ஒரே மகள். வாண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வலிப்பு உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும் அவ்வப்போது வந்துவிடும். பள்ளியில் அது பெரிய சம்பவம் இல்லை. வகுப்பு டீச்சர் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பார், தலைக்கு அடியில் தன் துப்பட்டாவை மடித்து வைப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் உட்காரும் சுருட்டைமுடிப் பெண் எழுந்து, கால் இடித்துக்கொள்ளாதபடி பெஞ்சை நகர்த்துவாள். மற்ற பிள்ளைகள் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வாண்டு கண் விழித்ததும் யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள். அந்த டீச்சர் இருந்ததால்தான் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கம் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார்கள்.

விவாதம் நடந்த மண்டபத்தில் ஆதரிப்பவர்களுக்கு மெத்தை நாற்காலிகளும் எதிர்ப்பவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். பாரபட்சம் ஒன்றுமில்லை, இரண்டு கடைகளில் வாடகைக்கு எடுத்ததால் அப்படி அமைந்துவிட்டது என்று வரவேற்புரையிலேயே சொன்னார்கள். எதிர்ப்புத் தரப்பில் ஒரு பேராசிரியர் பேசினார். அரசுப் பள்ளி என்பது ஏழைகளின் கருவறை என்று ஆரம்பித்து, நேரம் முடிந்ததற்கான மணி அடித்த பிறகும் கருவறையிலிருந்து வெளியே வரவில்லை. நடுவில் அவர் கைபேசி ஒலித்தது. மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் டிரைவர். அந்த மாணவன் எந்தப் பள்ளியில் நிற்கிறான் என்பதை மைக் மண்டபம் முழுவதற்கும் சொல்லிவிட்டது. அது ஏற்கெனவே திட்டத்தில் சேர்ந்துவிட்ட தனியார் பள்ளிகளிலேயே உயர்ந்த பள்ளி.

அடுத்து ஒரு ஆலை அதிபர் எழுந்தார். நன்கொடையைப் பற்றி அவர் மனம் நெகிழ்ந்து பேசினார். "நான் நூறு குடுக்கறேன். அரசாங்கம் என் வரியில நூறு குறைச்சுக்குது. கூட்டிக் கழிச்சா என் கையிலேர்ந்து ஒண்ணும் போகலன்னு சில பேரு கேலி பண்றாங்க. பணம் போகலைதான். ஆனா குடுக்கணும்னு தோணுச்சே ஒரு மனசு, அது என்னோடதுதானே?"

மண்டபம் கைதட்டியது. அவருடைய நன்கொடையில் படிக்கும் முதல் ஏழை மாணவரை மேடையேற்றினார்கள். மாணவர் ஆலை அதிபரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு மாலை போட்டார்.

அதற்கு மேல்தான் சிக்கல் வந்தது. விதிப்படி மேடையில் சாதாரணப் பெற்றோர் ஒருவர் இருக்க வேண்டும். வாரியம் ஏற்கெனவே ஒருவரை அந்தப் பொறுப்பில் அமர்த்தியிருந்தது. அவருக்கு ஆலோசகர் பதவி கிடைத்து மெத்தை நாற்காலிக்குப் போய்விட்டார். செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேடை ஓரத்தில் வயரை ஒட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் கண்ணில் பட்டார். பிள்ளை உண்டா, அரசுப் பள்ளியா, வருமானம் எப்படி என்று குனிந்து விசாரித்தார். வந்தால் உண்டு என்றார் மைக்செட்காரர். செயலாளருக்குத் திருப்தி. சட்டையில் 'சாதாரணப் பெற்றோர்' என்ற அட்டையைக் குத்தி, மேடையின் நடுநாயகமாக உட்காரவைத்தார்கள்.

ஏதாவது கேளுங்கள் என்றார்கள். மைக்செட்காரர் பிறர் பேச மைக் வைத்துப் பழகியவரே தவிர, அதன் முன்னால் நின்றதில்லை. மனதில் இருந்த ஒன்றைக் கேட்டார். "எங்க பொண்ணு படிக்கற பள்ளிக்கூடம் இருக்கும்ல சார்?"

"யாரும் எந்தப் பள்ளியையும் மூடப் போறதில்ல. நீங்க விரும்பற வரைக்கும் அது இருக்கும்" என்றார் செயலாளர்.

வாக்கெடுப்பு நேரம் வந்தபோது, அடுத்த அறையில் தேநீர் தயாராக இருப்பதை அறிவிக்கச் சொல்லி மைக்செட்காரரிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார்கள். அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். ஆதரவு தெரிவித்து அவை முழுவதும் எழுந்து நின்றதாகக் குறிப்பில் ஏறியது.

நன்றி விழாவும் குறித்த நாளில் சிறப்பாக நடந்தது.

வாண்டுவின் பள்ளியை விட்டு முதலில் போனவர்கள், மீதிக் கட்டணத்தைக் கையிலிருந்து போட முடிந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு அவர்களுடைய சீட்டும் போனது. சீட்டோடு பள்ளிக்கு வரவேண்டிய பணமும் போனது. பெருக்கித் துடைக்க வரும் அம்மாள் நின்றார். பிறகு குழாயில் தண்ணீர் நின்றது. நான்காம் வகுப்பு ஆசிரியரை எடுத்துவிட்டு, நான்காம் வகுப்பையும் வாண்டுவின் டீச்சரே பார்க்க வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் பார்த்த வேறு சில பெற்றோர், இந்தப் பள்ளி இனி உருப்படாது என்று கடன் வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அதனால் மேலும் சில விஷயங்கள் நின்றன.

ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். பணிவானவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். சுவருக்குச் சுவர் அளந்தார். பெஞ்சுக்கு அடியில் நாடா போனபோது பிள்ளைகள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். எதற்கு அளக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். அளந்து வைப்பது எப்போதும் நல்லதுதானே என்றார் அவர். கரும்பலகையையும் அளந்தார். டீச்சர் எழுதிக்கொண்டிருந்த வரி முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து அளந்தார்.

இந்த மாதங்களில் மைக்செட்காரருக்கு வேலை குவிந்தது. வாரியத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் அவர் மைக்தான். போதாததற்குச் சாதாரணப் பெற்றோராகவும் உட்கார வேண்டும். அவர் படம் போட்ட சுவரொட்டி பேருந்து நிறுத்தங்களில் வந்தது. எதையோ கேட்க வாய் திறந்த நேரத்தில் எடுத்த படம். கீழே 'நான் தேர்ந்தெடுத்துவிட்டேன்' என்று போட்டிருந்தார்கள். இதெல்லாம் நமக்கு எதற்கு, விட்டுவிடுங்கள் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். மேடையில் இருந்தால் பள்ளிக்கு ஒரு ஆபத்து வரும்போது நாலு வார்த்தை பேசலாம் என்றார் அவர். மைக் வாடகையும் இப்போது ஒழுங்காக வருகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் திரைச்சீலைக் கடைக்கே வந்துவிட்டார். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்தை மூடறாங்கம்மா. நாம விரும்பற வரைக்கும் இருக்கும்னு சொன்னாங்கல்ல, அந்த விருப்பத்துக்கு இத்தனை பிள்ளைன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்களாம். அதுக்குக் கீழ போயிட்டோமாம்."

மனைவி இயந்திரத்தை நிறுத்தாமல் அந்தத் தையலை ஓரம் வரை ஓட்டி முடித்தாள். பிறகு கேட்டாள். "எங்க பொண்ணை இனிமே யாரு டீச்சர் பாத்துப்பாங்க?"

டீச்சர் தனக்கு வந்த புது உத்தரவை எடுத்துக் காட்டினார். அவருக்கு வாரியத்தின் தொலைபேசி மையத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். கூப்பிடுகிறவர்களிடம் 'உங்கள் தேர்வுக்கு நன்றி' என்று சொல்லும் வேலை.

பள்ளி தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் போன பள்ளியில் தரை வழுக்குகிற மாதிரி பளபளத்தது. முதல்வர் வாண்டுவிடம் நிறைய கேள்விகள் கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். முதல்வர் மகிழ்ந்துபோனார். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கடைசியாகக் கேட்டார். மறைக்க வேண்டாம் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்ததால் மனைவி உள்ளதைச் சொன்னாள். மருந்தின் பெயர், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினாள். முதல்வர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். எங்கள் கட்டடத்தில் படிகள் அதிகம் என்றார். மாடிக்குப் போகாத வகுப்பு கிடைக்காதா என்று மைக்செட்காரர் கேட்டார். தரைத்தளத்திலும் மனோரீதியான படிகள் உண்டு என்றார் முதல்வர்.

இரண்டாவது பள்ளியில் மற்ற பிள்ளைகள் பயந்துவிடும் என்றார்கள். மூன்றாவது பள்ளியில் நேர்காணல் நடக்கும்போதே வாண்டுவுக்கு வலிப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் வாசலுக்கு ஓடி இவர்களுக்காக ஆட்டோவை நிறுத்தினார். மகள் கண் திறப்பதற்குள் அவர்களுடைய பைகளை யாரோ எடுத்து ஆட்டோவில் வைத்திருந்தார்கள்.

மைக்செட்காரர் செயலாளரிடம் போனார். எல்லாப் பள்ளிகளும் எங்களை நிராகரித்துவிட்டன என்றார். செயலாளர் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நிராகரிப்புங்கற வார்த்தையே திட்டத்துல கிடையாது தம்பி. உரிமைங்கறது ரெண்டு பக்கமும் உண்டு. நீங்க அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தீங்க. அவங்க உங்களைத் தேர்ந்தெடுக்காம இருக்கறதைத் தேர்ந்தெடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரே நேரத்துல ரெண்டு பேரோட உரிமையும் நிறைவேறியிருக்கு."

மைக்செட்காரர் யோசித்துப் பார்த்தார். பிள்ளை வீட்டில் இருக்கிறாளே என்று மட்டும் சொன்னார். செயலாளர் உதவ முன்வந்தார். சீட்டுத் தொகைக்கு மேல் ஒரு காசு கேட்காத, யாரையும் திருப்பி அனுப்பாத பள்ளி ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றார்.

தனிக்கவனப் பள்ளி என்று அதற்குப் பெயர். பிரதான சாலையில், முன்பு குளிர்சாதனப் பெட்டிகள் அடுக்கிவைத்திருந்த கிடங்கு. ஜன்னல் கிடையாது. பலகைத் தடுப்புகள் வைத்து வரிசை வரிசையாகக் கூண்டுகள் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு திரை, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. மொத்தக் கிடங்குக்கும் கண்காணிப்பாளர் ஒருவர். ஆசிரியர் எங்கே என்று மனைவி கேட்டாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் தனித்தனி ஆசிரியர் இருக்கிறாரே என்று அவர் திரைகளைக் காட்டினார். மகளின் வலிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் தடுத்து, இங்கே எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான், நாங்கள் எதையும் விசாரிப்பதில்லை என்றார். அதைப் பெருந்தன்மையாகச் சொன்னார். அவள் விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். அவர் காதில் ஏதோ கருவி இருந்தது.

ஒரு நல்ல விஷயம், சுருட்டைமுடிப் பெண்ணும் அங்கேதான் சேர்ந்திருந்தாள். பக்கத்துக் கூண்டு.

அங்கே பிள்ளைகளுக்குத் தினமும் ஒழுங்கு மதிப்பெண் உண்டு. இருக்கையை விட்டு எழுந்தால் குறையும். பேசினால் குறையும். தலையைத் திருப்பினால் குறையும். மாலையில் மதிப்பெண் பெற்றோரின் கைபேசிக்கு வந்துவிடும். மதிப்பெண் தொடர்ந்து குறைந்தால் சீட்டு ரத்து. வாண்டு ஆரம்பத்தில் மோசமாக வாங்கினாள். கொஞ்ச நாளில் தேறினாள். வீட்டிலும் தேறினாள். சாப்பிட உட்கார்ந்தால் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு நேராகவே பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்புவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மைக்செட்காரர் சொன்னார்.

ஒரு மாலை நூற்றுக்கு நூறு வந்தது. கடையில் இருந்த மனைவி அதைப் பக்கத்தில் தைப்பவர்களிடம் காட்டினாள். பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது வாசலில் வாண்டு மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. நெற்றிப்பொட்டில் பலகை விளிம்பின் நேர்க்கோடாக ஒரு வீக்கம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு ஓரத்தில் கடிபட்டு ரத்தம் உறைந்திருந்தது. எப்போது வந்தது என்று கேட்டாள். என்ன வந்தது என்று கேட்டாள் வாண்டு.

சுருட்டைமுடிப் பெண் அவர்களைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அவளிடம் குனிந்தாள். அவள் மெதுவாகச் சொன்னாள். "பலகை ரொம்ப நேரம் ஆடிட்டே இருந்துச்சு ஆன்ட்டி. எனக்குத் தெரியும். எழுந்தா மார்க் போயிடும். எனக்கு ஏற்கெனவே கம்மியா இருக்கு."

மனைவி அவளைத் திட்டவில்லை. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்குகிற வயது தாண்டிய பிள்ளை. வீடு வரைக்கும் இறக்கிவிடவில்லை.

மறுநாள் மைக்செட்காரர் கிடங்குக்குப் போனார். கண்காணிப்பாளர் ஒளிவுமறைவு இல்லாமல் அன்றைய பதிவு முழுவதையும் காட்டினார். இருக்கையை விட்டு எழவில்லை, ஒரு சொல் பேசவில்லை, திரையை அணைக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு தரவில்லை. இதில் எந்த இடத்தில் மதிப்பெண் குறைப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். இப்படி ஒரு நாளை எல்லாப் பிள்ளைக்கும் முன்மாதிரியாகக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

திட்டத்தின் ஓராண்டு நிறைவு விவாதம் அதே வாரம் நடந்தது. மைக்செட்காரர் மைக் கட்டினார். சட்டையில் அட்டையைக் குத்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். இந்த முறை கேள்வியை அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கிடங்கில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குரல் நடுங்கியது. ஆனால் மைக் நன்றாக வேலை செய்ததால் கடைசி வரிசை வரை கேட்டது. பாவாடை நனைந்ததைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். பெண்பிள்ளை விஷயத்தைச் சபையில் சொல்கிறோமே என்றிருந்தது. "என் பொண்ணு செத்துப்போயிருந்தாலும் நூத்துக்கு நூறுதான் வந்திருக்கும் சார்" என்று முடித்தார்.

எதிர்ப்புத் தரப்புப் பேராசிரியர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. இறந்துபோன அந்தச் சிறுமியின் பெயரில் ஒரு கருத்தரங்கம் நடத்தப்போவதாக அறிவித்தார். மைக்செட்காரர் குறுக்கிட்டு, இல்லைங்க, வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். பேராசிரியருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரிந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, கருத்தரங்கம் நடக்கும் என்றார்.

செயலாளர் எழுந்து மைக்குக்கு வந்தார். மைக்செட்காரரை அணைத்தபடி நின்று பேசினார்.

"ஒரு தகப்பனோட வேதனை எனக்குப் புரியுது. அந்த வேதனையிலயும் இவர் நமக்கு ஒரு பெரிய உண்மையைச் சொல்லியிருக்கார். இவ்வளவு பெரிய சோதனை வந்தப்பவும் அந்தக் குழந்தை பள்ளி நேரத்துல பள்ளியை விட்டு வெளிய போகல. பழைய பள்ளிக்கூடத்துல என்ன ஆகியிருக்கும்? ஒரு பிள்ளைக்காக டீச்சர் பாடத்தை நிறுத்தியிருப்பாங்க. முப்பது பிள்ளைங்க நேரம் வீணாகியிருக்கும். இங்க ஒரு பிள்ளையோட படிப்பும் தடைபடல. அவளோடதும் சேர்த்துத்தான் சொல்றேன். பாடம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

முதலில் ஆலை அதிபர் கை தட்டினார். பிறகு மெத்தை நாற்காலிகள். பிறகு, எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தோ என்னவோ, பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் சிலர் தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு அலுவலர் வந்து அட்டையைத் திருப்பிக் கேட்டார். சாதாரணப் பெற்றோர் என்றால் பொதுவாக எல்லாப் பெற்றோரையும் போல இருக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் தனிப்பட்ட அனுபவம் கலந்துவிட்டது என்று வருத்தத்தோடு விளக்கினார். அடுத்த கூட்டத்துக்கு வேறு மைக் ஏற்பாடு செய்திருப்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

அன்றிலிருந்து வாண்டு கிடங்குக்குப் போகவில்லை. மனைவி அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். மாடியில் துணி வெட்டும் அறை ஒன்று இருந்தது. நீளமான மேசை, மூலையில் துணி உருளைகள், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். வெட்டு வேலை காலையில் கீழேயே நடக்கட்டும் என்று கடை முதலாளியம்மா விட்டுக்கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் தொலைபேசி மைய வேலையை விட்டுவிட்டு வந்தார். சம்பளம் என்று ஒன்றும் பேசவில்லை. முதல் வாரமே சுருட்டைமுடிப் பெண்ணின் அம்மா மகளை அழைத்துவந்து வாசலில் தயங்கி நின்றாள். பிறகு எங்கேயும் இடம் கிடைக்காத சில பிள்ளைகள் வந்தார்கள். ஒருவனுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒருத்திக்கு ஒன்றுமில்லை, அவள் அப்பா சீட்டை அடகு வைத்துவிட்டார்.

ஒரு நாள் மேசைக்கருகே வாண்டுவுக்கு வலிப்பு வந்தது. சுருட்டைமுடிப் பெண் யாரும் சொல்லாமலே முக்காலிகளை இழுத்துத் தள்ளினாள். டீச்சர் திரைச்சீலைத் துணியை மடித்துத் தலைக்கு வைத்தார். கண் விழித்த வாண்டு, வாய்ப்பாட்டில் எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டாள். கீழே இயந்திரத்தில் இருந்த தாய்க்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவள் அழுதாள். பக்கத்தில் தைப்பவர்கள் என்ன ஏது என்று பதறினார்கள். ஒன்றுமில்லை, பழைய பள்ளிக்கூடம் மாதிரியே எனக்கு யாரும் சொல்லவே இல்லை, அதனால்தான் என்றாள்.

ஒருநாள் செயலாளரின் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அனுமதியில்லாமல் பள்ளி நடத்துவதாக இழுத்து மூடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். டீச்சர் பிள்ளைகளைத் துணி உருளைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார். வேலை குறைந்ததால் அங்கேயே உட்கார்ந்து கெட்டுப்போன ஒலிபெருக்கி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மைக்செட்காரர், படிக்கட்டில் குறுக்கே போய் நின்றார்.

செயலாளர் படியேறி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உருளைகளுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"இதைத்தான் நாங்க ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றோம். அரசாங்கம் ஒதுங்கிக்கிட்டா ஜனங்களே வழி கண்டுபிடிப்பாங்கன்னு. யாரும் நம்பல. நீங்க நிரூபிச்சுட்டீங்க."

அவர்களை அவர் மூடவில்லை. அங்கீகரித்தார். அந்த நிமிடமே திட்டத்தின் பள்ளிகள் வரிசையில் சேர்த்தார். மாவட்டத்திலேயே உடல் குறைபாடுள்ள பிள்ளைகளை ஏற்கும் ஒரே பள்ளி என்ற சிறப்பும் கொடுத்தார். இப்படி ஒரு மாற்று கிடைத்துவிட்டதால், அடுத்த வட்டாரத்தில் மிச்சமிருந்த கடைசி அரசுப் பள்ளியையும் நிம்மதியாக மூடிவிடலாம் என்று உடன் வந்தவரிடம் சொன்னார். அவர் குறித்துக்கொண்டார்.

டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றார். "சார், இது ஒரே ஒரு ரூம். நான் ஒரே ஆளு. எல்லாரும் வந்தா நாங்க எங்க வைக்கறது?"

"எல்லாரையும் வைக்கணும்னு யாரு சொன்னா?" என்றார் செயலாளர். "அது உங்க உரிமை டீச்சர். நீங்க பாத்து எடுத்துக்குங்க."

அவர் இறங்கிப்போனார். உடன் வந்தவர் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அறையை அளந்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மனைவியோடும் மகளோடும் கடை திறக்கப் போனபோது தெருமுனையிலேயே மைக்செட்காரரின் கால்கள் நின்றன. கடை வாசலிலிருந்து மருந்துக் கடை தாண்டி, திருப்பம் வரைக்கும் வரிசை. சக்கர நாற்காலியில் ஒரு பையன். தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய கால்களோடு ஒரு பெண். காதுக்குப் பின்னால் கருவி மாட்டியவர்கள். ஒன்றுமில்லாமல் சும்மா நின்றவர்களும் நிறைய. அம்மாக்கள் எல்லோர் கையிலும் சீட்டு. யாரும் முண்டியடிக்கவில்லை. யாரும் குரல் எழுப்பவில்லை. சத்தம் போட்டால் தங்களுக்கு இடம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல.

பின்பக்க வழியாக மூவரும் மாடிக்குப் போனார்கள். ஏற்கெனவே வந்திருந்த டீச்சர் ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தார். மேசையை வெளியே எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் பேர் உட்காரலாம் என்றார். மேசையை எடுத்தார்கள். துணி உருளைகளையும் எடுத்தார்கள். பிறகும் அது ஒரு அறைதான். யாராவது கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். என்ன சொல்ல வேண்டும் என்று மைக்செட்காரர் கேட்டார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரெல்லாம் கேட்க அறிவிப்புச் செய்து பிழைத்தவர், அந்தப் படியில் காலெடுத்து வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவிதான் போனாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். மேலே அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து வாண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அந்த இடம் அவளுடையது. அதில் இன்னொரு பிள்ளையை உட்காரவைக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது.

கடையின் இரும்புக் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் தூக்கினாள். வரிசையில் முதலாவதாக நின்ற பெண் குனிந்து, மகனின் கையைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தலையைப் படிய வாரிவிட்டிருந்தாள். அவன் கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் தன் கைக்குள் அழுத்தி மறைத்துக்கொண்டாள்.

மைக்செட்காரரின் மனைவி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை. பிறகு, எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாத ஒரு மென்மையான குரலில் கேட்டாள்.

"பிள்ளை சத்தம் போடாம உக்காருமா?"